மார்க் மார்க்கெஸின் வலது கை: ஒரு நிகழ்வு ஆய்வு

2020 ஜூலை 21ஆம் தேதி பார்சலோனாவில் 27 வயது இளைஞர் ஒருவருக்கு வலது மேல்கை எலும்பில் ஆபரேஷன் நடந்தது. ஒரு டைட்டானியம் பிளேட், 12 ஸ்க்ரூ. இரண்டு நாள் கழித்து அவர் தெற்கு ஸ்பெயினில் உள்ள ஜெரெஸ் ஓடுதளத்தில் மருத்துவக் குழுவின் முன்னால் தண்டால் எடுத்துக் காட்டினார். ரேஸ் ஓட்டத் தகுதியானவர் என்று சான்றும் கொடுத்துவிட்டார்கள். 25ஆம் தேதி பைக்கில் ஏறினார்.

மனவுறுதிக்கு உதாரணம் கேட்டால் பலரும் இந்தக் காட்சியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த இளைஞரான பைக் பந்தய வீரர் மார்க் மார்க்கெஸ் ஐந்தாண்டுகளுக்குப் பிறகு மறுபடி உலக சாம்பியன் ஆனது அந்தத் தண்டாலால் அல்ல. அதில் தெரிந்த குணத்தை அவர் மெல்ல மெல்லக் கைவிட்டதால்தான். அந்த ஐந்தாண்டுகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அடிபடும் முன்

மார்க்கெஸ் ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியில் உள்ள செர்வேரா என்ற சிற்றூர்க்காரர். 1993இல் பிறந்தவர். 2010இல் 125 சிசி பிரிவிலும் 2012இல் மோட்டோ 2 பிரிவிலும் உலகப் பட்டம் வென்றார். 2013இல் பைக் பந்தயத்தின் உச்சப் பிரிவான மோட்டோ ஜிபிக்கு வந்தார். வந்த ஆண்டே சாம்பியன். அப்போது வயது 20. அந்தப் பிரிவில் அதற்கு முன் அவ்வளவு இளையவர் யாரும் வென்றதில்லை. 2014இல் முதல் 10 ரேஸ்களையும் ஒன்றுவிடாமல் வென்றார். 2019 முடியும்போது மோட்டோ ஜிபி பட்டங்கள் மட்டும் ஆறு.

இந்தப் பட்டியலுக்கு அடியில் இன்னொரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. 2011இல் மலேசியாவின் செபாங்கில் விழுந்து, கண்ணை அசைக்கும் நரம்பு பாதிக்கப்பட்டு, பார்க்கிற பொருளெல்லாம் இரண்டாகத் தெரிந்தது. கண்ணில் ஆபரேஷன் செய்து மீண்டார். 2018 கடைசியில் இடது தோளில் ஆபரேஷன், 2019 கடைசியில் வலது தோளில். ஒவ்வொரு முறையும் அடி, கத்தி, திரும்புதல், வெற்றி. அதனால் அவர் மனதில் ஒரு கணக்கு உறைந்துபோயிருந்தது: உடம்பு எவ்வளவு கெட்டாலும், நான் முடிவெடுத்தால் எழுந்துவிடலாம். இந்தக் கணக்கு அதுவரை ஒருமுறைகூடப் பொய்க்கவில்லை என்பதுதான் இதில் ஆபத்தான பகுதி.

ஜூலை 19

கொரோனாவால் தள்ளிப்போன 2020 பருவத்தின் முதல் மோட்டோ ஜிபி ரேஸ். தொடக்கத்திலேயே மார்க்கெஸ் ஓடுதளத்தை விட்டு வழுக்கி வெளியே போய், 16ஆம் இடத்துக்குப் பின்தங்கினார். அங்கிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி மூன்றாம் இடம் வரை வந்தார். சில சுற்றுகளே மிச்சம். மூன்றாம் இடமே போதும் என்று நின்றிருந்தால் நல்ல புள்ளிகள் கிடைத்திருக்கும். அவர் நிற்கவில்லை. பின்சக்கரம் வழுக்கி, திடீரெனப் பிடிமானம் திரும்பி, பைக் அவரை மேலே தூக்கி எறிந்தது. சரளையில் உருண்டபோது அவருடைய பைக்கின் சக்கரமே வலது கையில் மோதியது. மேல்கை எலும்பு நடுவில் இரண்டாகி விலகிவிட்டது.

அந்த எலும்பை ஒட்டித்தான் மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் நரம்பு சுற்றிக்கொண்டு இறங்குகிறது. அது அறுந்திருந்தால் கை தொங்கிப்போயிருக்கும். நல்லவேளை, நரம்பு தப்பியது. 'நரம்புக்கு ஒன்றுமில்லை' என்ற சேதியே, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்ற துணிச்சலுக்குத் தீனி போட்டது என்று நினைக்கிறேன்.

துணிச்சல் அவருடையது மட்டுமல்ல, அந்த விளையாட்டுக்கே உரியது. 2013இல் நெதர்லாந்தின் அஸ்ஸென் ஓடுதளத்தில் வியாழக்கிழமை காறை எலும்பு உடைந்த ஹோர்ஹே லொரென்ஸோ, பார்சலோனாவுக்குப் பறந்து பிளேட் வைத்துக்கொண்டு திரும்பி, சனிக்கிழமை ரேஸில் ஐந்தாவதாக வந்தார். 1992இல் அதே அஸ்ஸெனில் கால் உடைந்த ஆஸ்திரேலியர் மிக் டூஹனுக்குக் காலையே எடுக்கவேண்டிய நிலை. இத்தாலிய மருத்துவர் கிளாவ்டியோ கோஸ்டா, ரத்த ஓட்டத்துக்காக அவருடைய இரு கால்களையும் சேர்த்துத் தைத்துக் காலைக் காப்பாற்றினார். டூஹன் அதே ஆண்டு கடைசி இரண்டு ரேஸ்களுக்குத் திரும்பினார். பட்டத்தை நான்கு புள்ளியில் இழந்தார். 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து பட்டம் வென்றார். இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு நான்காம் நாள் பைக் ஏறுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் டூஹனின் கதையில் யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. வலது பாதத்தால் பின் பிரேக்கை அழுத்த முடியாமல் போனதால், இடது கைக் கட்டைவிரலால் இயக்கும் பிரேக் அவருக்காகப் பொருத்தப்பட்டது. பழைய உடம்பு திரும்பாது என்று ஒத்துக்கொண்ட பிறகு வந்தவைதான் அந்த ஐந்து பட்டங்களும்.

பிளேட் செய்யும் வேலை, செய்யாத வேலை

உடைந்த எலும்புக்குப் பிளேட் வைத்துவிட்டால் எலும்பு சரியாகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். பிளேட் எலும்பை நேராகப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். எலும்பு கூடவேண்டிய வேலை உடம்புடையது. உடைந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும். பிறகு மிருதுவான திசு வளரும். அது வாரக்கணக்கில் கெட்டிப்படும். முழு எலும்பாகத் தேற மாதக்கணக்காகும். அதுவரை வரும் பளு எல்லாம் உலோகத்தின்மேல் விழுகிறது. எந்த உலோகமும் திரும்பத் திரும்ப வளைந்தால் சோர்ந்து உடையும். ஆக இது ஒரு பந்தயம்: எலும்பு முந்துமா, உலோகம் முறியுமா என்று. மோட்டோ ஜிபி பைக் பிரேக் பிடிக்கும்போது ஓட்டுநரின் உடல் எடைக்கு மேலான விசை இரண்டு கைகளிலும் இறங்குகிறது. இந்தப் பந்தயத்தில் எலும்புக்கு வாய்ப்பே இல்லை.

ஜூலை 25 அன்று பயிற்சிச் சுற்றுகளை ஓட்டினார். தகுதிச் சுற்றில் முடியவில்லை, விலகினார். ஆகஸ்ட் 3இல் பிளேட் பழுதாகிவிட்டது என்று தெரிந்து இரண்டாவது ஆபரேஷன். வீட்டில் ஒரு பெரிய சன்னல் கதவைத் திறந்தபோது ஆனது என்று சொன்னார்கள். சன்னலைத் திறந்தபோது உடைந்திருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் திரண்டிருந்த அழுத்தம்தான் காரணம் என்று அணியின் அறிக்கையே சொன்னது.

அந்த ஆண்டு முழுக்க எலும்பு கூடவில்லை. டிசம்பர் 3இல் மாட்ரிட்டில் எட்டு மணி நேர ஆபரேஷன்: பழைய பிளேட்டை எடுத்து, இடுப்பெலும்பிலிருந்து ரத்தக்குழாயோடு ஒரு துண்டை எடுத்து வைத்துக் கட்டினார்கள். கூடாத இடத்தில் கிருமித் தொற்றும் இருந்தது அப்போது உறுதியானது. நீண்ட நாள் ஆன்டிபயாடிக். இனி பழையபடி ரேஸ் ஓட்ட முடியுமா என்பதைவிட, கையை எந்த அளவு பயன்படுத்த முடியும் என்பதே கேள்வியாக இருந்த மாதங்கள் அவை.

அவசரப்பட்டுத் திரும்பியது தவறு என்று பிற்பாடு அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சான்று கொடுத்த மருத்துவர்கள், அனுமதித்த அணி, ஓட்டியவர் மூவருக்கும் பொறுப்பு உண்டு. இங்கே எனக்கு வேண்டியது மனதின் வேலை. ஒருவர் தன்னை ஒரே ஒரு சொல்லால், 'நான் ஓட்டுநர்' என்று மட்டும் அறிந்திருந்தால், ஓட்டாத ஒவ்வொரு நாளும் அவர் இல்லாத நாளாகிவிடும். எலும்பு கூடக் காத்திருப்பது அவருக்கு ஓய்வாக இருக்காது; அழிவாகத்தான் தெரியும். 'உறுதி' என்று வெளியிலிருந்து தெரிவது, உள்ளே இந்த அழிவிலிருந்து தப்பி ஓடுவதாக இருக்கலாம்.

காத்திருக்கக் கற்றல்

2021 மார்ச்சில் முதல் மாற்றம் தெரிந்தது. பைக் ஓட்டிப் பார்த்துவிட்டார்; ஓட்ட முடிகிறது. ஆனால் கத்தாரில் நடந்த முதல் இரண்டு ரேஸ்களுக்கும் போகவேண்டாம் என்று மருத்துவர்கள் சொன்னபோது கேட்டுக்கொண்டார். எட்டு மாதம் முன்பு தண்டால் எடுத்த அதே மனிதர்தான். ஏப்ரல் 18இல் போர்ச்சுகலின் போர்த்திமாவில் திரும்பி ஏழாவதாக முடித்தார். முடித்து உள்ளே வந்ததும் எல்லாரும் பார்க்கக் குலுங்கி அழுதார். ஏழாம் இடத்துக்கு அவர் அழுததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

ஜூன் 20இல் ஜெர்மனியின் சாக்ஸன்ரிங்கில் வென்றார். அக்டோபரில் ஆஸ்டினிலும் மிசானோவிலும் வென்றார். பத்திரிகைகள் 'மீண்டுவிட்டார்' என்று எழுதின. எனக்கு இந்தப் பருவம்தான் மிகவும் குழப்பமானது. வெற்றிகள் உண்மை, கை சரியாகவில்லை என்பதும் உண்மை. எலும்பு கூடியிருந்தது, ஆனால் முறுக்கிக்கொண்டு கூடியிருந்தது. மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே ஏறத்தாழ 30 டிகிரி திருகல். முழங்கையை இருக்கவேண்டிய இடத்தில் வைக்க முடியாததால் தோள் அந்தக் குறையை ஈடுகட்டிச் சோர்ந்தது. அக்டோபர் கடைசியில் பயிற்சியில் விழுந்து தலையில் அடிபட்டு, இரட்டைப் பார்வை திரும்பி வந்தது. 2022 மார்ச்சில் இந்தோனேசியாவின் மண்டாலிகாவில் தூக்கி எறியப்பட்டு மறுபடியும் அதே பார்வைக் கோளாறு.

2022 மே மாதக் கடைசியில் இத்தாலியின் முஜெல்லோவில், பருவத்தின் நடுவே, நான்காவது ஆபரேஷனுக்குப் போகிறேன் என்று அறிவித்தார். மறுநாள் ரேஸை ஓட்டிப் பத்தாவதாக முடித்துவிட்டு அமெரிக்கா புறப்பட்டார். ஜூன் 2இல் மினசோட்டாவின் ரோசெஸ்டரில் உள்ள மயோ கிளினிக்கில் மருத்துவர் ஹொவாக்கின் சான்ச்செஸ் சொட்டேலோ, கூடியிருந்த எலும்பை மறுபடி வெட்டி, சரியான கோணத்துக்குத் திருப்பி வைத்தார். சம்மதித்து எலும்பை இரண்டாக்கிக்கொள்வது என்பது லேசான முடிவில்லை. முதல் முறை எலும்பு கூட எவ்வளவு மறுத்தது என்று அந்தக் கை அறியும். இந்த முறை சொன்ன வாரங்கள் முழுக்க அசையாமல் இருந்தார். செப்டம்பர் நடுவில்தான் ரேஸுக்கு வந்தார். அடுத்த வாரம் ஜப்பானில் தகுதிச் சுற்றில் முதலிடம், அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் இரண்டாமிடம்.

சாக்ஸன்ரிங், 2023

என் வாதத்துக்கு மிக வலுவான சான்று ஒரு வெற்றியிலிருந்து வரவில்லை. 2023 ஜூனில் சாக்ஸன்ரிங். மோட்டோ ஜிபியில் அவர் அங்கே ஓட்டிய ரேஸ் ஒன்றைக்கூட அதுவரை தோற்றதில்லை. அந்த வார இறுதியில் ஐந்து முறை விழுந்தார். ஐந்தாவது, ஞாயிறு காலை. இடது கட்டைவிரலில் முறிவு. ஓட்டலாம் என்று மருத்துவர்கள் சான்று கொடுத்தார்கள். அவர் ஓட்டவில்லை.

மூன்றாண்டு இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெரெஸில் சான்று வாங்கத் தண்டால் எடுத்தவர், இங்கே கையில் கிடைத்த சான்றை மறுக்கிறார். அடுத்த வாரம் அஸ்ஸெனிலும் ஞாயிறு ரேஸை ஓட்டவில்லை; அங்கே தகுதியில்லை என்று மருத்துவர்களே சொன்னார்கள்.

உடனே ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதுதான். அவர் ஓட்டிவந்த ஹோண்டா பைக் அப்போது வெல்லக்கூடிய நிலையில் இல்லை. வெல்ல வாய்ப்பில்லாத ரேஸை விடுவது எளிது. போதாததற்கு அதே 2023 பருவத்தில் மற்ற எல்லாரையும்விட அதிகமாக, 29 முறை விழுந்தவரும் இவர்தான்; முதல் ரேஸிலேயே இன்னொருவர் மேல் மோதித் தன் வலது கை விரலெலும்பையும் உடைத்துக்கொண்டார். ஆகவே 'பக்குவம் வந்துவிட்டது' என்று கோடு போட முடியாது. பழைய குணமும் புதிய குணமும் ஒரே உடம்பில் மாறி மாறி வேலை செய்த ஆண்டு அது. வளர்ச்சி என்பது இப்படி அலங்கோலமாகத்தான் வரும்போலிருக்கிறது.

அந்த அக்டோபரில் ஹோண்டாவைவிட்டு விலகுவதாக அறிவிப்பு வந்தது. ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டு மிச்சம், பெருந்தொகைச் சம்பளம், 11 ஆண்டு உறவு. சேர்ந்தது கிரெசினி: நிறுவனர் ஃபாஸ்டோ கிரெசினி 2021இல் கொரோனாவில் இறந்தபின் அவர் மனைவி நாடியா படோவானி நடத்திவரும் சிறிய அணி. கிடைத்தது முந்தைய ஆண்டு டுகாட்டி பைக். மோட்டோ 2 காலத்திலிருந்து கூடவே வந்த தலைமை மெக்கானிக் சாந்தி எர்னாண்டஸ் ஹோண்டாவிலேயே நின்றார். அணித் தோழர், தம்பி ஆலெக்ஸ். தன்னால் இன்னும் முன்வரிசையில் ஓட முடியுமா என்ற ஒரே கேள்விக்குப் பதில் தெரியவேண்டும் என்பதே அந்த இடமாற்றத்தின் நோக்கம் என்று அவர் பேட்டிகளில் சொன்னார். பதில் 'முடியாது' என்று வரக்கூடிய கேள்வியைக் கேட்டுக்கொள்வதும், அந்தப் பதிலுக்குத் தயாராக இருப்பதும், 2020இல் அவரிடம் இல்லாத ஒன்று.

2024 செப்டம்பர் 1இல் அரகானில் வென்றார். முந்தைய வெற்றியிலிருந்து 1,043 நாள். 2025இல் டுகாட்டியின் முதன்மை அணி. செப்டம்பர் 28இல் ஜப்பானின் மோட்டேகியில் இரண்டாவதாக முடித்து ஏழாவது மோட்டோ ஜிபி பட்டத்தை உறுதி செய்தார். இரண்டாமிடமே போதும் என்று ஓட்டினார். ஜெரெஸில் மூன்றாமிடம் போதவில்லை. அந்தப் பருவத்தில் புள்ளிப் பட்டியலில் இரண்டாவதாக முடித்தவர் தம்பி ஆலெக்ஸ்.

உளவியல் என்ன சொல்கிறது

பேரிடிக்குப் பின் சிலர் முன்பைவிடச் செழுமையாக மாறுவதை அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ரிச்சர்டு டெடெஸ்கி, லாரன்ஸ் கேல்ஹூன் இருவரும் 1990களில் ஆராய்ந்தார்கள். 1996இல் அவர்கள் வெளியிட்ட அளவுகோலில் 21 கேள்விகள், ஐந்து பிரிவுகள்: பிறரோடு உறவு, புதிய வாய்ப்புகள், தன் வலிமை பற்றிய உணர்வு, ஆன்மிக மாற்றம், வாழ்க்கையை மதித்தல். அவர்களைத் தவறாக மேற்கோள் காட்டுகிறவர்கள் விட்டுவிடுவது ஒன்று உண்டு. அடி யாரையும் வளர்ப்பதில்லை. அடியால் உடைந்துபோன நம்பிக்கைகளை ஒருவர் மாதக்கணக்கில் மறுபடி அடுக்கும்போதுதான் ஏதோ வளர்கிறது. வேதனையும் வளர்ச்சியும் ஒரே காலத்தில் ஒரே ஆளிடம் இருக்கலாம்.

மார்க்கெஸிடம் உடைந்த நம்பிக்கை எது என்று தெளிவாகத் தெரிகிறது: முடிவெடுத்தால் உடம்பு கேட்கும் என்பது. அது உடைய முதல் பிளேட் மட்டும் போதவில்லை. மூன்றாவது ஆபரேஷன் வரை இழுத்தது.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். பேட்ரிசியா ஃப்ரேசியர் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 'நான் வளர்ந்துவிட்டேன்' என்று ஒருவர் சொல்வதும் அவரிடம் அளந்து பார்த்த மாற்றமும் பெரிதாகப் பொருந்துவதில்லை என்று காட்டியது. வலிக்கு ஒரு பயன் இருந்தாகவேண்டும் என்ற ஏக்கம் நம்மை அப்படிச் சொல்லவைக்கிறது. அதனால்தான் இந்த ஆய்வில் அவருடைய வாய்மொழியைவிட அவர் எடுத்த முடிவுகளைப் பிடித்துக்கொண்டேன். கத்தாருக்குப் போகாதது, எலும்பை மறுபடி வெட்ட ஒப்புக்கொண்டது, சாக்ஸன்ரிங்கில் விலகியது, ஹோண்டாவை விட்டது ஆகிய நான்கும் தேதியோடு பதிவானவை. நான்கிலும் அவர் ஒன்றைக் கைவிடுகிறார்.

இந்த நிகழ்வை எல்லாருக்கும் பொருத்தக்கூடாது. எலும்பு முறிந்த பெரும்பாலோரின் சிக்கல் இதற்கு நேர்மாறு: அசைத்தால் மறுபடி உடைந்துவிடும் என்ற பயத்தில் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, மூட்டு இறுகி, வலி கூடி, பயம் இன்னும் கூடும் சுழல். பயம் இல்லாதவருடைய கதையை அவர்களிடம் சொல்லி 'எழுந்து நில்' என்பது கொடுமை. அவர்களுக்குத் தேவை, இன்று எவ்வளவு பளு தாங்கும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவும், அதை நம்பும் தைரியமும். மார்க்கெஸுக்கும் தேவைப்பட்டது அதே அளவுதான். அவர் அதைத் தாண்டியவர், இவர்கள் எட்டாதவர்கள். பிறகு பணம். மாட்ரிட்டில் எட்டு மணி நேர ஆபரேஷன், மயோ கிளினிக், வேலை போகாமல் மாதக்கணக்கில் விடுப்பு. இவையெல்லாம் இல்லாத கூலித் தொழிலாளி ஒருவர் ஆறாம் வாரமே மூட்டை தூக்கப் போனால் அதற்குப் பெயர் மனவுறுதிக் குறைவு அல்ல.

பட்டம் வென்ற ஒரே வாரத்தில், 2025 அக்டோபர் 5இல், மண்டாலிகாவில் முதல் சுற்றிலேயே இன்னொரு பைக் பின்னாலிருந்து மோத, வலது தோளருகே எலும்பு முறிவும் தசைநார்க் காயமும் ஏற்பட்டன. பழைய மேல்கை முறிவோடு இதற்குத் தொடர்பில்லை. முதலில் ஆபரேஷன் இல்லாமல் பார்க்கலாம் என்றார்கள். ஒரு வாரத்தில் எலும்பு நிலைகொள்ளவில்லை என்று தெரிந்து ஆபரேஷன் செய்தார்கள். மிச்சமிருந்த நான்கு ரேஸ்களுக்கும் அவர் வரவில்லை. பட்டம் ஏற்கெனவே கையில் இருந்ததால், இதைப் பக்குவத்துக்குச் சான்றாக நான் எண்ணவில்லை. பட்டம் இன்னும் முடிவாகாத ஒரு பருவத்தின் நடுவில் இதே காயம் வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதுதான் உண்மையான சோதனை. அது 2025இல் நடக்கவில்லை.